ஆற்றைப் பார்த்த வாசல்

இந்த நகரத்தில் இப்போது எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள். ஏரிக்கரையில் ஒரு கோபுரம் எழும்புகிறது; கட்டி முடிந்தால் உலகத்திலேயே உயரமானது அதுதானாம். எங்கள் அலுவலகத்தில் காலைக் கோப்பி ஆறுமுன்னரே கோபுரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. எனக்குப் பழைய சுவர்கள் வேண்டும். ஈரம் ஏறி, சாந்து உதிர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் சுவர்கள். அவை ஆற்றங்கரையில் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், சாப்பாடு மறந்துபோகும்.

ஆறு ஏன் என்றால், நான் யாழ்ப்பாணத்தான். எங்களுக்கு ஆறு கிடையாது. மாரி மழைக்கு மட்டும் ஓடுகிற ஒன்று உண்டு. அதை ஆறு என்று அழைப்பது எங்கள் பெருந்தன்மை. தண்ணீர் என்றால் கிணற்றுக்குள் இருப்பது, பாலம் என்றால் கடலுக்கு மேல் போவது. ஒரு ஊருக்கு நடுவால் தண்ணீர் தன்பாட்டில் போய்க்கொண்டே இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டு வீடுகள் நிற்கும் என்பது எனக்குப் பள்ளிக்கூட ஆங்கிலப் புத்தகத்தின் படத்தில் மட்டும் கண்ட விஷயம்.

கட்டடக்கலை படிக்கத்தான் ஆசைப்பட்டேன். பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தது, தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேண்டிய புள்ளி ஏறியது, என் இடம் போனது. படித்த வேறொன்றை வைத்துக்கொண்டு ரொறன்ரோவுக்கு வந்து, இப்போது ஒரு பொறியியல் அலுவலகத்தில் படம் கீறுகிறேன். அடுக்குமாடிக் கட்டடங்களின் கழிவுக் குழாய்கள். முதலாம் மாடிக்குக் கீறியதையே கடைசி மாடிவரை கீற வேண்டும். மத்தியானத்தில் கை தானாக ஓடும், மூளை வெளியே எங்காவது போய்விடும். என் மூளை பொதுநூலகத்துக்குப் போய்விடும்.

அங்கேதான் அந்தப் புத்தகம் அகப்பட்டது. இங்கிலாந்தில் ஒரு சின்ன ஆற்றங்கரைக் கிராமத்தின் வரலாறு. அரசர்களும் இல்லை, சண்டைகளும் இல்லை. ஆழமில்லாத ஓரிடத்தில் மாடுகள் ஆற்றைக் கடந்தன. கடக்கிற இடத்தில் பாதை வந்தது. பாதை வந்ததால் மாவரைக்கும் ஆலை வந்தது. ஆலைக்கு வருகிறவர்களுக்குச் சத்திரம் வந்தது. இவர்கள் எல்லோரும் செத்தால் புதைக்க மேட்டில் ஒரு தேவாலயம் வந்தது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு அத்தியாயம். வீட்டுச் சட்டத்தின் மரத்துண்டுகளைத் தச்சர்கள் நிலத்தில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, எதனுள் எது போக வேண்டும் என்று கோடு வெட்டி அடையாளமிட்டுவிட்டு, பிறகு தூக்கி நிறுத்துவார்களாம். அந்தக் கோடுகள் இன்றும் விட்டங்களில் இருக்கின்றனவாம். நான் நூலகக் கதிரையில் இருந்தபடியே "அட!" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த கிழவர் கண்விழித்து முறைத்தார்.

கடைசி அத்தியாயத்தில் போகிறபோக்கில் ஒரு வரி. போன நூற்றாண்டில் அந்த ஊரிலிருந்து சில குடும்பங்கள் சேர்ந்தாற்போலக் கப்பலேறி, ரொறன்ரோவுக்குக் கிழக்கே ரூஜ் ஆற்றின் கரையில் குடியேறினார்கள் என்று. பஸ் போகிற தூரம்! எனக்கு அன்று நித்திரை வரவில்லை.

அடுத்த ஞாயிறே போனேன். பஸ் முடிகிற இடத்திலிருந்து சோளத் தோட்டங்களுக்கு நடுவால் நடக்க வேண்டும். நடந்து மேட்டில் ஏறியதும் தேவாலயம், பக்கத்தில் கல்லறைகள் நிறைந்த சவக்காலை, அதற்குக் கீழே சரிவில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகச் சில வீடுகள், அடியில் ஆறு. ஆற்றோரத்தில் ஒரு பழைய சத்திரம், யன்னல்களுக்குப் பலகை அடித்துக் கிடந்தது. என்ன விசித்திரம் என்றால், அதன் முன்வாசல் ஆற்றைப் பார்த்திருந்தது. தெருவுக்கு முதுகு. வருகிறவன் பின்சுவரைத்தான் பார்ப்பான். அந்த இங்கிலாந்துக் கிராமத்துச் சத்திரமும் இப்படித்தான். அங்கே ஆட்கள் படகில் வந்தார்கள். இங்கே எந்தப் படகு வந்தது? ஒன்றும் வரவில்லை. ஆனாலும் வாசலை ஆற்றுப்பக்கம் வைத்தார்கள். வாசல் என்றால் அப்படித்தான் என்று அவர்களுக்குப் பழகியிருந்தது.

மூன்றாவது தடவை போய், வீடுகளிலும் கல்லறைகளிலும் வெட்டியிருந்த ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் முழுக்கதையும் விளங்கியது. அவர்கள் விட்டுவந்த ஆறு வீட்டுப் பூனை மாதிரி. கொஞ்சம் பெருகும், கொஞ்சம் வற்றும், காலைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். இந்த ஆறு குளிர்காலம் முழுக்க உறைந்து கிடந்துவிட்டு, வசந்தத்தில் ஒரு நாள் வெடித்து, வீட்டுக் கதவளவு பனிக்கட்டிகளைத் தூக்கிக்கொண்டு வரும். ஆலையை ஒருமுறை கொண்டுபோனது. திருப்பிக் கட்டினார்கள். திரும்பவும் கொண்டுபோனது. அதற்குப் பிறகு கட்டிய ஒவ்வொரு வீடும் முந்தியதைவிடக் கொஞ்சம் மேலே. அடியில் நிற்கிறது மிகப் பழைய, மிகத் துணிச்சலான வீடு. மேலே போகப்போக வீடுகள் புதிதாகின்றன, பயமும் கூடுகிறது. அந்தச் சரிவு முழுவதுமே ஒரு பின்வாங்கல்! கீழிருந்து மேலே நடந்தால் ஒரு ஊர் தன் ஆற்றைப் பற்றி மனம் மாறிய கதையை அப்படியே வாசிக்கலாம். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. நானே கண்டுபிடித்தேன்.

கண்டுபிடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஒருவரும் இல்லை. சோளத் தட்டைகள் காற்றில் உரசிக்கொண்டு நின்றன. பஸ்ஸில் ஏறியதும் சாரதியிடம் தொடங்கினேன். அவர் பஸ் தரையில் கீறியிருந்த வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் போகும்படி பணிவாகச் சொன்னார்.

என்னோடு அறையைப் பகிர்ந்திருந்தவர் எங்கள் பக்கத்து ஆள்தான், என்னைவிட மூத்தவர், ஒரு தொழிற்சாலையில் வேலை. அவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அண்ணை, ஒருக்கா வந்து பாருங்கோவன். நான் சொன்னாப்போலை விளங்காது."

"டேய், உனக்கு உண்மையாவே விசர். ஞாயிற்றுக்கிழமை மனுசன் போத்துக்கொண்டு படுப்பான். இல்லாட்டி ஒரு பெட்டைக்குப் பின்னாலை போவான். நீ வெள்ளைக்காரன்ரை இடிஞ்ச சுவருக்குப் பின்னாலை போறாய்."

"இடியேல்லை அண்ணை. நல்லா நிக்குது."

"இடிஞ்சாப் பிறகு சொல்லு. எங்களை ஆண்டவங்களின்ரை வீடெல்லோ, வந்து கை தட்டிப்போட்டுப் போறன்."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் அதன்பின் நான் வாயைத் திறந்தாலே "உவன் செங்கல் கதை துவங்கிட்டான்" என்று தலையணையைக் காதில் வைத்துக்கொள்வார். அலுவலகத்திலும் அப்படித்தான். எனக்கு முன்னால் இருக்கும் இத்தாலியர் நான் திரும்பினால் வானொலியைக் கூட்டுவார். அறை நண்பருக்குச் சனி ஞாயிறும் வேலை விழுந்தால், வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்தில் "போய்ட்டு வாறன்" என்று சொன்னதற்குப் பிறகு திங்கள் காலைவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறேன். திங்கட்கிழமை முதல் சொல் தொண்டையில் துருப்பிடித்து வரும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்தச் சரிவில் என்னோடு ஒருமுறை நடந்து, நான் சொல்வதைக் கடைசிவரை கேட்க ஒரு ஆள்.

எங்கள் அலுவலகத்தில் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த பொறியியலாளர் ஒருவர் இருந்தார். முப்பது தாண்டியவர், அமைதியானவர். நான் அவரை அண்ணை என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். "நீங்க பேசுறது பாதிதான் புரியுது தம்பி, ஆனா கேக்க நல்லாருக்கு" என்று ஒருமுறை சொல்லியிருந்தார். பாதி விளங்கினால் போதும் என்று நினைத்தேன்.

இந்தத் தடவை கவனமாக இருந்தேன். கட்டடம் என்ற சொல்லை வாயில் எடுக்கவே இல்லை. எடுத்தால் ஆட்கள் ஓடுவது அனுபவம். "ஞாயிற்றுக்கிழமை ஒரு இடத்துக்கு வாறியளோ?" என்று மட்டும் கேட்டேன். "பார்க்கலாம், வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று நழுவினார். தொலைபேசி இலக்கத்தை மட்டும் தந்தார். அதன்பின் எனக்குத் தடிமன் காய்ச்சல் பிடித்து இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. சனிக்கிழமை மூக்கடைத்த குரலோடு அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நாளைக்கு நான் அங்கை நிப்பன் அண்ணை. தனியத்தான்."

"என்ன தம்பி, குரல் ஒரு மாதிரி இருக்கு? ரெண்டு நாளா ஆளையும் காணோம்."

"அது ஒண்டுமில்லை. அங்கை சேர்ச்சுக்குப் பக்கத்திலை ஒரு சவக்காலை இருக்கு. அதின்ரை வாசலிலை நிப்பன்."

"சவ..." என்றார்.

"ஓம், சவக்காலை. அவசரப்பட வேண்டாம். நீங்கள் ஆறுதலா வாங்கோ. ஆறுதலா வந்தால் போதும்."

"கண்டிப்பா வர்றேன் தம்பி," என்றார். குரலே மாறிவிட்டது. "நீங்க எதையும் நினைச்சுக் கலங்காதீங்க. வழி சொல்லுங்க, எங்க இருந்தாலும் வந்துடுறேன்."

இப்படியும் ஒரு மனுசனா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வழியைச் சொல்லிவிட்டு, அன்று முழுக்க எதை முதலில் காட்டுவது, எதைக் கடைசிக்கு வைப்பது என்று அறைக்குள் நடந்து நடந்து ஒத்திகை பார்த்தேன்.

மறுநாள் அவர் வந்த கோலத்தைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தேன். கறுப்புக் கோட்டுச் சூட்டு, கழுத்துப்பட்டி, மினுக்கிய சப்பாத்து. கையில் தூக்குச்சட்டி, மறுகையில் ஒரு பை நிறையத் தோடம்பழம். சோளத் தோட்டத்துச் சேறு கால்சட்டை விளிம்பில் அப்பியிருந்தது. இரண்டையும் கீழே வைத்துவிட்டு என் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். கனநேரம் விடவில்லை.

"எப்ப தெரிஞ்சுது தம்பி?"

இந்த ஊரைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். "போன மாசம். லைப்ரரியிலைதான் தெரிஞ்சது."

"லைப்ரரியிலயா?" தலையை ஆட்டிக்கொண்டார். "ஒரு மாசமா மனசுக்குள்ள வச்சுக்கிட்டு ஆபீஸுக்கும் வந்திருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா ஆர் அண்ணை கேக்கினம்?"

அவர் கண் கலங்கியது. எனக்கும் ஏதோ செய்தது. ஒருவர் என் பேச்சைக் கேட்பதற்காகக் கண்கலங்கி நான் பார்த்ததில்லை.

பிறகு நான் தொடங்கினேன். எத்தனை நாள் தேக்கி வைத்தது! கல்லறைகள் எல்லாம் ஏன் கிழக்கைப் பார்க்கின்றன, தேவாலயக் கோபுரம் ஏன் அரைவாசியில் நிற்கிறது, எந்த வீட்டுக்கு எந்த வெள்ளத்துக்குப் பிறகு அத்திவாரம் போட்டார்கள், எல்லாம் சொன்னேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து, "ம்... ம்..." என்று பக்கத்தில் நடந்தார். ஒருமுறைகூட மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. ஒருமுறைகூடப் பேச்சை மாற்றவில்லை. ஆலையோடு ஆலைக்காரனின் வீட்டையும் ஆறு கொண்டுபோனதைச் சொன்னபோது பெருமூச்சு விட்டு, "போனவங்க போயிட்டாங்க, இருக்கிறவங்கதானே தாங்கணும்" என்றார். என்ன அழகாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். சத்திரத்தின் பின்பக்க வெடிப்புக்குள்ளால் விட்டத்தில் வெட்டியிருந்த தச்சனின் கோடுகளைக் காட்டினேன். சேற்றில் முழந்தாளிட்டுப் பார்த்தார், சூட்டோடு!

சத்திரத்தின் முன்வாசலில் வந்து நின்றோம். ஆறு இலைகளைச் சுமந்துகொண்டு மெல்லப் போனது. நான் கடைசிக்கு வைத்திருந்ததைச் சொன்னேன்.

"மற்றவை எல்லாம் மேலை ஏறிட்டினம் அண்ணை. இது மட்டும் தனிய நிக்குது. வராத ஆக்களுக்கு வாசலை வைச்சுக்கொண்டு."

தடிமனில் குரல் உடைந்தது. அவர் என் தோளில் கை வைத்தார்.

"அழுதுடுங்க தம்பி. அடக்கி வைக்காதீங்க."

"நான் ஏன் அழ வேணும்?"

"அப்பாவா, அம்மாவா?"

"என்ன?"

"தவறுனது."

"ஒருத்தரும் சாகேல்லையே அண்ணை. வீட்டிலை எல்லாரும் சுகம்."

அவர் கையை எடுத்தார். "நீங்கதானேய்யா ஆறுதலுக்கு வாங்கன்னு சொன்னீங்க? அழுத குரல்ல போன் பண்ணி, தனியா இருக்கேன், சவம்னீங்க, சுடுகாட்டு வாசல்னீங்க!"

"ஆறுதலுக்கு எண்டு சொல்லேல்லை. ஆறுதலா வாங்கோ எண்டனான். மெல்லமா, அவசரப்படாமல் வாங்கோ எண்டு."

"மெதுவாவா?"

"ஓம். உங்கட ஊரிலை அப்பிடிச் சொல்லுறேல்லையோ?"

"எங்க ஊர்ல ஆறுதல்னா எழவு வீட்டுக்குப் போய்ச் சொல்றதுய்யா!" கத்தினார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து காகங்கள் எழும்பின. "மூணு பஸ் மாறி வந்திருக்கேன். கல்யாணத்துக்கு எடுத்த கோட்டு. எழவு வீட்ல அடுப்பு மூட்ட மாட்டாங்களேன்னு அவ காலங்காத்தால எந்திரிச்சு தயிர்சாதம் பெசஞ்சு குடுத்தா. பாவம், கண்காணாத ஊர்ல ஒத்தையா கிடந்து அந்தப் பையன் என்ன பாடுபடுறானோன்னு நேத்துலேருந்து அழுதுக்கிட்டு இருக்கா."

அவருடைய மனைவியைத்தான் சொல்கிறார். நான் அறியாத ஒரு பெண், என் முகத்தைக் கண்டிராதவர், எனக்காக அழுதிருக்கிறார். செத்தவர் இல்லையே தவிர, அவர் சொன்ன மற்றதெல்லாம் சரிதானே என்று பட்டது.

அண்ணை என் முகத்தைப் பார்த்தார். அவர் வாய் முதலில் கோணியது, பிறகு சிரிப்பு பீறிட்டது. கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு, சத்திரத்துப் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். "லைப்ரரியில தெரிஞ்சுதாம்! நான் தந்தி அங்கதான் வந்துச்சாக்கும்னு நெனச்சேன்!" நானும் சிரித்தேன். இரண்டு பேருமாகத் தூக்குச்சட்டியைத் திறந்து தயிர்சாதத்தை ஊறுகாயோடு சாப்பிட்டோம். அந்தப் படியில் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை காலமோ.

சாப்பிட்டு முடித்துத் தோடம்பழத்தை உரித்தபடி அவர் சொன்னார், "உள்ளதைச் சொல்லட்டுமா தம்பி? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்கோ."

"இவ்வளவு நேரம் நீங்க சொன்னதுல ஒண்ணுமே என் மண்டையில ஏறலை. துக்கத்துல இருக்கிற புள்ள, வாய்க்கு வந்ததைப் பேசுது, பேசட்டும், பாரம் குறையும்னு கேட்டுக்கிட்டு வந்தேன். நான் காவேரிக்கரைக்காரன். ஆறுன்னா இறங்கிக் குளிச்சுட்டு வர்றதுதானே. கரையில நின்னு அதைப் பத்தி இவ்வளவு பேச என்ன இருக்கு?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அது நேராக உள்ளே போனது. அந்த "ம்... ம்..." எல்லாம் இல்லாத ஒரு பிணத்துக்கு. என் சரிவையும் என் பின்வாங்கலையும் அவர் கேட்கவே இல்லை. என் கதையைக் கேட்கக் கிடைத்த ஒரே ஆளும் என்னைக் கேட்க வந்தவரல்ல.

பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கும்போது அவர் மனம் இளகினார். "அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வாங்க, சாப்பிடலாம். உங்களை நேர்ல சிரிச்ச முகமாப் பார்த்தாத்தான் அவளுக்கு மனசு ஆறும். ஆனா ஒரு கண்டிஷன்."

"என்ன?"

"செங்கல், சுவர், சத்திரம், ஆறு, ஒண்ணும் வாயில வரக் கூடாது. அவளும் ஊரை விட்டு வந்து தனியா கிடக்கிறா. மனுஷங்க பேசுற பேச்சு நாலு பேசுங்க. சரியா?"

"சரி," என்றேன்.

அந்தக் கிழமை முழுக்க குழாய்களைக் கீறிக்கொண்டே யோசித்தேன். ஞாயிறு வானம் தெளிந்து வெளித்துவிட்டது. பனி விழுமுன் இப்படி ஒரு நாள் இனி வராது. இலைகள் கொட்டிய பிறகு சரிவின் வீடுகள் மேலிருந்து கீழ்வரை மறைப்பில்லாமல் தெரியும். ஒரே பார்வையில் முழுக்கதையும் அகப்படும். விருந்துக்குப் புறப்பட்டுப் பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது, கிழக்கே என் சரிவுப் பக்கம் போகிற பஸ் முதலில் வந்தது. கதவு திறந்தது. சாரதி என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன், கதவு மூடிக்கொண்டது.

அவர்களுடைய வீடு நகரத்தின் நடுவில், ஒரு அடுக்குமாடியின் உச்சிக்குக் கிட்ட. கதவைத் திறந்த பெண் என்னைக் கண்டதும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நீங்கதானா அது? நல்லவேளை, அப்பா அம்மா நல்லாருக்காங்களே, அது போதும்." சாம்பார், வத்தக்குழம்பு, அப்பளம். வாழையிலை இல்லாவிட்டாலும் இலை போட்ட மாதிரிப் பரிமாறினார்; இந்த நாட்டுக்கு வந்த பிறகு யாரும் எனக்கு அப்படிப் பரிமாறியதில்லை. அவர்கள் பனிக்கோட்டு எங்கே நல்லதாக வாங்கலாம் என்று பேசினார்கள், முருங்கைக்காய் எந்தக் கடையில் வருகிறது என்று பேசினார்கள், கோபுரத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் "ஓம்" என்றேன், "இல்லை" என்றேன். இடைவெளி வரும்போது நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருவரும் அன்போடு காத்திருந்தார்கள். தேடிப் பார்த்தேன். என்னிடம் வேறு பேச்சே இல்லை.

சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் பெரிய யன்னல். அதற்கு வெளியே நகரத்தைப் பிளந்துகொண்டு போகிற பள்ளத்தாக்கு. அடியில் மெல்லிய கோடாக டொன் ஆறு. அதன் கரையில் செங்கற்சூளையின் புகைபோக்கிகள், பக்கத்தில் களிமண் வெட்டிய பெருங்குழி. ரொறன்ரோவின் பாதி வீடுகள் அந்தக் குழிக்குள் இருந்த களிமண்தான். தேவாலயங்கள், பள்ளிக்கூடங்கள், நான் வேலைக்குப் போகிற தெரு, எல்லாம் அந்த ஆற்றங்கரையிலிருந்து கிண்டி எடுத்துச் சுட்டு அடுக்கியவை. பள்ளத்தைப் பார்த்தால் நகரம் எவ்வளவு பெரிது என்று தெரியும். இதுவரை இவ்வளவு உயரத்திலிருந்து அதை நான் பார்த்ததில்லை. கை சோற்றில் நின்றுவிட்டது.

"என்ன அப்படிப் பாக்குறீங்க?" என்று அந்த அக்கா கேட்டார். எழுந்து வந்து யன்னலருகில் நின்று எட்டிப் பார்த்தார். "நானும் பகலெல்லாம் இதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். கீழ அது என்ன எடம்?"

மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணை புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார்.

"தெரியாது அக்கா," என்றேன். "மரங்கள்தான் போலை."

"மரம்தான்," என்றார் அக்கா. ரசப் பாத்திரத்தை எடுத்தார். "குளிர் வந்துட்டா எங்கயும் போக முடியாதாமே. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இங்க வந்துடுங்க. ரசம் இன்னும் கொஞ்சம்?"

"ஓம்," என்று தட்டை நீட்டினேன்.